கடவுளை எடுத்துவிட்டு இந்தப் பெண்களைப் பாடம் நடத்தாதீர்கள்: ஆங்கில இலக்கியப் பாடத்திட்டக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு வணக்கம்.

தமிழ்நாட்டில் ஆங்கில இலக்கியம் முதுகலை படிக்கிறவர்களில் பலர் டோனி மாரிசன், ஆலிஸ் வாக்கர் போன்ற அமெரிக்கக் கருப்பினப் பெண் எழுத்தாளர்களைப் படித்துவிட்டுத்தான் வெளியே வருகிறார்கள். ஷேக்ஸ்பியரும் வேர்ட்ஸ்வொர்த்தும் நிறைந்திருந்த பாடத்திட்டத்தில் இந்தப் பெண்களுக்கு இடம் பிடித்துத் தந்தவர்கள், உங்களுக்கு முன்னால் அந்த நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்கள்தான். அது சின்ன வேலை இல்லை. அந்த நன்றியோடுதான் இதை எழுதுகிறேன்.

என் குறை இதுதான். இந்த நாவல்களை நடத்தும்போது அவற்றின் நடுவில் இருக்கிற கடவுளை எடுத்துவிடுகிறோம். நோட்ஸைப் புரட்டிப் பாருங்கள்: இனம், பாலினம், வர்க்கம், கருப்பினத்தவராகவும் பெண்ணாகவும் அனுபவிக்கிற இரட்டை ஒடுக்குமுறை. எல்லாம் உண்மை, எல்லாம் வேண்டியவை. ஆனால் கடவுள் என்ற பேச்சு வந்தால் 'மதத்தில் ஆறுதல் தேடினாள்' என்று ஒரு வரி, அதோடு சரி. வகுப்பில் பல மதத்துப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள், எதற்கு வம்பு என்ற தயக்கம் ஒரு பக்கம். முற்போக்கான எழுத்து என்றால் மதத்தைத் தாண்டி வந்த எழுத்தாகத்தான் இருக்கும் என்ற நினைப்பு இன்னொரு பக்கம். தயக்கம் புரிகிறது. அதற்கு நாம் கொடுக்கிற விலையைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. கடவுளை எடுத்துவிட்டால் அடிபட்டுக்கொண்டே இருக்கிற பெண்கள்தான் மிஞ்சுகிறார்கள். அவர்கள் 'நான்' என்று சொல்லத் துணிந்த இடம் நம் மாணவர்கள் கண்ணில் படுவதே இல்லை. அந்த இடம் பெரும்பாலும் அவர்கள் கடவுளோடு பேசிய பேச்சில், கடவுளோடு போட்ட வழக்கில் இருக்கிறது.

19ஆம் நூற்றாண்டுக் கருப்பினப் பெண் போதகர் ஜரீனா லீயை எடுத்துக்கொள்கிறேன். இவர் பெயர் நம் பாடத்திட்டங்களில் அநேகமாகக் கண்ணில் படுவதில்லை. 1783இல் நியூ ஜெர்சியின் கேப் மேயில் பிறந்தவர். அடிமைக் குடும்பம் இல்லை. ஆனாலும் 7 வயதில் பெற்றோரை விட்டு 60 மைல் தள்ளி ஒரு வீட்டில் வேலைக்காரச் சிறுமியாகப் போக வேண்டியிருந்தது. தன் வாழ்க்கைக் கதையை அவர் எங்கே தொடங்குகிறார் பாருங்கள். எஜமானி ஒரு வேலை சொன்னார். அப்புறம், 'செய்துவிட்டாயா?' என்று கேட்டார். செய்யாமலேயே 'செய்துவிட்டேன்' என்று சொல்லிவிட்டாள் சிறுமி. அந்தப் பொய் அவளை உள்ளே குத்தியது. நீ பாவி என்று ஆவியானவர் தன்னிடம் சொன்னதாக எழுதுகிறார். ஒரு வேலைக்காரக் கருப்புச் சிறுமியின் சின்னப் பொய்யைக் கூடக் கடவுள் கணக்கில் எடுத்துக்கொண்டார் என்றால், அவளுக்கு ஓர் ஆத்துமா இருக்கிறது, அதற்கு அவளே பொறுப்பு என்று பொருள். அந்தக் காலத்து அமெரிக்கச் சட்டமோ சந்தையோ அவளுக்கு இதைத் தரவில்லை. அவருடைய 'நான்' அந்தக் குற்ற உணர்விலிருந்து பிறக்கிறது. நம் கோட்பாட்டுப் புத்தகங்களுக்கு இது சௌகரியமான தொடக்கம் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் அவர் எழுதியது அப்படித்தான்.

பிலடெல்பியாவில் ரிச்சர்ட் ஆலனின் பிரசங்கத்தைக் கேட்டு அவர் மனம் மாறினார். வெள்ளையர் சபையின் அவமதிப்பைப் பொறுக்காமல் வெளியேறி, பின்னால் 1816இல் ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோபல் திருச்சபையை நிறுவி அதன் முதல் பிஷப் ஆன அதே ஆலன். சில ஆண்டுகள் கழித்து ஜரீனாவுக்கு ஒரு குரல் கேட்கிறது: 'போய்ச் சுவிசேஷத்தைச் சொல்.' அவர் வாய்விட்டுப் பதில் சொல்கிறார்: 'யாரும் என்னை நம்ப மாட்டார்கள்.' 'உன் வாயில் வார்த்தைகளை நான் போடுவேன்' என்கிறது குரல். ஆலனிடம் போய்ச் சொன்னார். நம் சபை ஒழுங்கில் பெண் போதகர்களைப் பற்றி எதுவுமே இல்லையே என்றார் ஆலன். அதைக் கேட்டதும் ஜரீனாவுக்கு முதலில் வந்தது நிம்மதி. அப்பாடா, இந்தச் சிலுவையைச் சுமக்க வேண்டாம் என்ற நிம்மதி. ஆனால் அந்த எண்ணம் வந்த கணமே உள்ளே எரிந்துகொண்டிருந்த நெருப்பு புகைந்து அணையத் தொடங்கியது என்று எழுதுகிறார். மறுப்பைக் கேட்டு நிம்மதி அடைந்ததை மறைக்காமல் எழுதுகிற நேர்மை, சுயசரிதை எழுத்தில் எத்தனை பேருக்கு வாய்க்கும்?

1811இல் ஜோசப் லீ என்ற போதகரை மணந்தார். ஆறு ஆண்டுகளில் கணவர் இறந்துபோனார். கையில் இரண்டு பிள்ளைகள். அப்புறம் ஒருநாள் பிலடெல்பியாவின் பெத்தேல் சபையில் வேறொரு போதகர் யோனா புத்தகத்திலிருந்து 'இரட்சிப்பு கர்த்தருடையது' என்ற வசனத்தை எடுத்துப் பிரசங்கம் தொடங்கினார். நடுவில் அவருக்குப் பேச்சு வற்றிப்போனது. ஜரீனா சட்டென்று எழுந்தார். அதே வசனத்தைப் பிடித்துக்கொண்டு பேசினார். நானும் யோனாதான், அழைப்பைக் கேட்டும் எட்டு ஆண்டுகளாக ஓடி ஒளிந்தேன் என்றார். முடித்து உட்கார்ந்தபோது சபையை விட்டே விலக்கிவிடுவார்கள் என்று நடுங்கிக்கொண்டிருந்தார். எழுந்து நின்றது பிஷப் ஆலன். எட்டு ஆண்டுகளுக்கு முன்னால் இந்தப் பெண் என்னிடம் வந்து கேட்டார், நான் தட்டிக் கழித்தேன், இங்கே இருக்கிற எந்தப் போதகருக்கும் குறையாத அழைப்பு இவருக்கும் உண்டு என்று இப்போது நம்புகிறேன் என்று சபை முன்னால் சொன்னார்.

இந்த ஒரு காட்சியை வகுப்பில் நடத்திப் பாருங்கள். வாய்ப்பை மறுத்தவரும் பின்னால் ஒப்புக்கொண்டவரும் அடிமையாகப் பிறந்த ஒரு கருப்பின ஆண். ஒரு வாக்கியத்தில் அடக்கிவிடுகிற 'இரட்டை ஒடுக்குமுறை' இங்கே எவ்வளவு சிக்கலாகிறது என்று மாணவர்களே பார்ப்பார்கள். மீட்பர் ஆணுக்காக மரித்தார் என்பதால் ஆண் பிரசங்கிக்கலாம் என்றால், பெண்ணுக்காகவும்தானே மரித்தார், அவர் முழு மீட்பரா, பாதி மீட்பரா என்று கேட்கிறார் ஜரீனா. இதைவிடக் கச்சிதமான பெண்ணுரிமை வாதத்தை நம் கோட்பாட்டுத் தாளில் எனக்குக் காட்டுங்கள்.

1827இல் மட்டும் 2,325 மைல் பயணம் செய்து 178 பிரசங்கங்கள் செய்ததாகக் கணக்கு எழுதி வைத்திருக்கிறார். உடல்நலம் குன்றிய மகனைப் பிறர் பொறுப்பில் விட்டுவிட்டு ஒரு வாரம் வெளியூரில் பிரசங்கித்தார். அந்த நாட்களில் பிள்ளை நினைப்பே வரவில்லை, வேலை கெட்டுவிடக் கூடாதென்று அது என்னிடமிருந்து மறைக்கப்பட்டது என்கிறார். ஒரு தாய் இப்படி எழுதுவது நம்மை உறுத்துகிறது. நல்லது, உறுத்தட்டும். தியாகத் தாய் என்ற சட்டத்துக்குள் அடங்காத ஒரு பெண் தன்னைப் பற்றித் தானே எழுதிய சாட்சி அது. 1836இல் தன் வாழ்க்கைக் கதையை 38 டாலர் செலவில் 1000 பிரதி அச்சடித்து, எழுப்புதல் கூட்டங்களில் தானே விற்றார். விரிவான இரண்டாம் நூலை வெளியிடத் திருச்சபையின் நூல் குழு மறுத்தது. எழுத்து புரியவில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். 1849இல் அதையும் தானே வெளியிட்டார். அந்தத் திருச்சபையில் ஒரு பெண் பிஷப் ஆனது 2000ஆம் ஆண்டில். ஜரீனா லீக்கு மறைவுக்குப் பிந்தைய குருப்பட்டம் கிடைத்தது 2016இல்.

அவர் தனி ஆள் இல்லை. சில்ஃபா ஈலா என்ற பெண் மாட்டுத் தொழுவத்தில் பாட்டுப் பாடிக்கொண்டே பால் கறந்துகொண்டிருந்தபோது இயேசு கைகளை விரித்து வருவதைக் கண்டார். பிரமையாக இருக்குமோ என்று நினைக்க இடமில்லாமல் பசுவும் திரும்பிப் பார்த்து முழங்கால் மடக்கியது என்கிறார். தன் சொல்லை உலகம் நம்பாது என்று தெரிந்த பெண், பசுவைச் சாட்சிக்கு அழைக்கிறார். அவர் நினைவுக் குறிப்புகள் 1846இல் லண்டனில் வெளிவந்தன. இன்னொரு கருப்பினப் பெண் போதகரான ஜூலியா ஃபூட்டின் நூல் 1879இல் வந்தது.

ஆனால் நான் அதிகம் நின்று பார்க்க விரும்புவது ரெபெக்கா காக்ஸ் ஜாக்சனை. பிலடெல்பியாவில் துணி தைத்துப் பிழைத்தவர். அண்ணன் மெதடிஸ்ட் போதகர், படித்தவர். அண்ணன் பிள்ளைகளை வளர்த்தது இவர். வாசிக்கக் கற்றுத் தருகிறேன் என்று அண்ணன் சொல்லிக்கொண்டே இருந்தார், ராத்திரி களைத்துப் போய் வருவார், பாடம் நடக்காது. கடிதம் எழுத வேண்டுமென்றால் இவர் சொல்லச் சொல்ல அண்ணன் எழுதுவார். ஒருநாள் எழுதியதை வாசித்துக் காட்டச் சொன்னார். தான் சொல்லாததெல்லாம் அதில் இருந்தது. நீ என் கடிதத்துக்கு வார்த்தை சேர்க்க வேண்டாம், நான் சொல்வதை எழுதினால் போதும் என்றார் தங்கை. அண்ணனுக்குக் கோபம். ரெபெக்காவின் மனம் உடைந்தது. பொறுமையாக இரு, வாசிக்கும் காலம் வரும் என்று உள்ளே ஒரு சொல் கேட்டதாக எழுதுகிறார். பிறகு 1831இல் ஒருநாள் உடுப்பு தைத்துக்கொண்டிருந்தபோது அந்தக் குரல் திரும்ப வந்தது: முதல் மனிதனுக்குக் கற்றுக்கொடுத்தது யார்? கடவுள். அவர் மாறாதவர், அவனுக்குக் கற்றுக்கொடுத்தவர் உனக்கும் கற்றுக்கொடுப்பார். தையலைக் கீழே வைத்துவிட்டு மாடிக்கு ஓடினார், பைபிளை எடுத்தார், ஜெபித்தார், திறந்தார். எழுத்துகள் வாசிக்க வந்தன.

நம்புவதும் நம்பாததும் மாணவர் விருப்பம். அந்தக் கதை என்ன செய்கிறது என்று பாருங்கள் என்றுதான் கேட்கிறேன். ஓர் ஆண் வழியாக மட்டுமே எழுத்தை அடைய முடியும் என்றிருந்த பெண், அந்த ஆணைச் சுற்றிக்கொண்டு நேராகக் கடவுளிடம் போகிறார். தன் வார்த்தை தன்னுடையதாகவே இருக்க வேண்டும் என்ற வெறி அவருக்கு. அவர் எழுதியவை 110 ஆண்டுகள் கையெழுத்துப் பிரதியாகவே கிடந்தன. அவர் 1871இல் இறந்து, நூல் 1981இல்தான் அச்சானது. அதை வாசித்துக் கொண்டாடி எழுதியவர்களில் ஆலிஸ் வாக்கரும் ஒருவர். வாக்கரின் 'தி கலர் பர்ப்பிள்' நாவல் வெளிவந்தது அதற்கடுத்த ஆண்டு. தன் கடிதத்தைத் தானே எழுதத் துடித்த ஒரு பெண்ணையும், அந்த நாவலில் கடவுளுக்குக் கடிதம் எழுதுகிற சீலியையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கிற வாய்ப்பை நம் மாணவர்களுக்கு ஏன் கொடுக்கக் கூடாது?

இந்த இடத்தில் உங்களில் சிலர் கேட்கக்கூடும்: மதம்தானே அடிமைமுறையைத் தாங்கிப் பிடித்தது? ஆமாம், இந்தப் பெண்களும் அதைத்தான் சொல்கிறார்கள், நம்மைவிட உரக்கச் சொல்கிறார்கள். அடிமைமுறையிலிருந்து தப்பி வந்த ஹாரியட் ஜேக்கப்ஸ் 1861இல் வெளியிட்ட தன் வாழ்க்கை நூலில் திருச்சபையும் அடிமைமுறையும் பற்றி ஒரு தனி அத்தியாயமே வைத்தார். நாட் டர்னர் என்ற அடிமையின் தலைமையில் நடந்த கலகத்துக்குப் பிறகு பயந்துபோன எஜமானர்கள் ஒரு போதகரை வைத்து அடிமைகளுக்கு ஓதுகிறார்கள். எடுத்த வசனம், வேலைக்காரர் எஜமானருக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று பவுல் எபேசியருக்கு எழுதியது. அதே அத்தியாயத்தில் 53 வயது முதியவர் ஒருவர் ஜேக்கப்ஸிடம் வந்து, பைபிள் வாசிக்க வேண்டும், எழுத்து சொல்லித் தா என்று கெஞ்சுகிறார். கண்டுபிடித்தால் சவுக்கடி. இரண்டும் ஒரே புத்தகம். ஒன்றைக் கையில் வைத்திருப்பது எஜமானனின் ஆள், இன்னொன்றுக்காக உயிரைப் பணயம் வைப்பது அடிமை. ஹாவர்ட் தர்மன் என்ற இறையியலாளர் தன் பாட்டியைப் பற்றிச் சொன்னதும் நினைவுக்கு வருகிறது. அடிமையாகப் பிறந்தவர், எழுத்து தெரியாது, பேரனை பைபிள் வாசிக்கச் சொல்லிக் கேட்பார். ஆனால் பவுலின் கடிதங்களை வாசிக்க விடமாட்டார், கொரிந்தியரில் வருகிற அன்பின் அதிகாரத்தை மட்டும் எப்போதாவது அனுமதிப்பார். எஜமானனின் போதகர் ஓதியது அந்தப் பவுல்தான் என்பதால் வந்த முடிவு அது. எழுத்தறியாத ஒரு கிழவி வேத புத்தகத்தில் எது தனக்கு, எது தனக்கில்லை என்று தானே தீர்ப்புச் சொல்கிறார். விமர்சன வாசிப்பு என்று நாம் வகுப்பில் சொல்லிக்கொடுப்பது இதைத்தானே?

நெல்லா லார்சனின் 'குவிக்சாண்ட்' 1928இல் வந்தது. அதில் ஹெல்கா கிரேன் மழையில் நனைந்து, மனம் நொந்து, நியூயார்க்கின் ஹார்லெமில் ஒரு தெருக்கடைச் சபைக்குள் நுழைகிறாள். அந்தக் கூச்சலில் கரைந்து மனம் மாறி, ஒரு போதகரைக் கட்டிக்கொண்டு அலபாமாவுக்குப் போய், பிரசவத்துக்கு மேல் பிரசவமாக மூழ்கிப்போகிறாள். அங்கே மதம் சேற்றுக்குழி. அதையும் வையுங்கள், ஜரீனாவுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். நான் கேட்பது மதத்துக்கு ஆதரவான பாடம் இல்லை. இந்த எழுத்தாளர்களுக்கு எது உயிர்போகிற கேள்வியாக இருந்ததோ, அதைக் கேள்வியாகவே மாணவர்களிடம் கொடுங்கள் என்கிறேன்.

ஜோரா நீல் ஹர்ஸ்டனின் அப்பா பாப்டிஸ்ட் போதகர். 1937இல் வந்த 'தேர் ஐஸ் வேர் வாட்சிங் காட்' நாவலில் பாட்டி நானி, பேத்தி ஜேனியிடம் மனம் திறக்கிறாள். கருப்பினப் பெண்கள் உயரத்தில் உட்காருவதைப் பற்றி ஒரு பெரிய பிரசங்கம் செய்ய ஆசைப்பட்டேன், ஆனால் எனக்குப் பிரசங்கபீடம் இல்லை, அந்த வசனத்தை உனக்காக எடுத்து வைத்தேன் என்கிறாள். ஜரீனா லீயைத் தெரியாத மாணவருக்கு இது ஒரு கிழவியின் புலம்பல். தெரிந்தவருக்கு, நூறு ஆண்டுக்கு முன் பெத்தேல் சபையில் எழுந்து நின்ற பெண்ணின் நினைவு வரும். நாவலின் கடைசியில் ஜேனி தன் தோழியிடம் சொல்வதும் இதோடு சேர்த்தி. எல்லோரும் தாங்களாகவே செய்தாக வேண்டியவை இரண்டு: கடவுளிடம் போவது, வாழ்வது என்றால் என்ன என்று கண்டுபிடிப்பது. பாட்டியின் வசனத்தைப் பேத்தி அப்படியே திருப்பிச் சொல்லவில்லை, தன் பிரசங்கத்தைத் தானே செய்துவிட்டாள்.

இனி 'தி கலர் பர்ப்பிள்'. நாம் அதிகம் நடத்துகிற நாவல் என்பதால் வருத்தமும் இங்கேதான் அதிகம். 14 வயதுச் சீலியிடம், நடந்ததைக் கடவுளைத் தவிர யாரிடமும் சொல்லாதே என்று மிரட்டுகிறான் அவளை நாசம் செய்தவன். அதனால்தான் அவள் கடவுளுக்கு எழுதுகிறாள். மிரட்டலாக வந்ததையே கதவாக்கிக்கொள்கிறாள். பாதி நாவலுக்குப் பிறகு, தன்னைப் பெற்ற அப்பாவை அடித்துக் கொன்றார்கள் என்று தெரியவருகிறது. இனி கடவுளுக்கு எழுத மாட்டேன், தங்கை நெட்டிக்கே எழுதுகிறேன் என்று நிறுத்திவிடுகிறாள். கடவுள் எனக்கு என்ன செய்தார் என்று கணக்குப் போடுகிறாள்: கொல்லப்பட்ட அப்பா, பைத்தியமான அம்மா, கேடுகெட்ட மாற்றான் தகப்பன், இனி பார்ப்போமா என்றே தெரியாத தங்கை. நான் எழுதிக்கொண்டிருந்த கடவுள் ஓர் ஆண், எனக்குத் தெரிந்த மற்ற ஆண்களைப் போலவேதான் அவனும் என்கிறாள். ஐயோ பேசாதே, கேட்டுவிடப் போகிறார் என்று பதறுகிறாள் சீலியின் கணவனுடைய காதலியும் சீலிக்கு நெருக்கமானவளுமான பாடகி ஷக். கேட்கட்டுமே என்கிறாள் சீலி. ஏழைக் கருப்புப் பெண்கள் சொல்வதை அவர் எப்போதாவது கேட்டிருந்தால் இந்த உலகமே வேறு மாதிரி இருந்திருக்கும்.

கணவன் முன்னால் வாய் திறக்காதவள், முதன்முதலில் எதிர்த்துப் பேசப் பழகுவது கடவுளிடம். கணவனைச் சபித்துவிட்டு வீட்டை விட்டுக் கிளம்புவது அதற்கப்புறம்தான். இந்த வரிசையை நாம் வகுப்பில் சொல்வதில்லை. பிறகு ஷக் கேட்கிறாள், உன் கடவுள் எப்படி இருப்பார்? பெரிய உருவம், நரைத்த தாடி, வெள்ளைக்காரர், வெள்ளை அங்கி, நீலம் கலந்த சாம்பல் நிறக் கண். அந்த உருவத்தை மனதிலிருந்து கழற்றி எடுப்பது சீலிக்கு லேசான காரியமாக இல்லை. ஒரு பாறையை நினைத்து ஜெபிக்கப் பார்த்தால் அந்தக் கிழவர் திரும்பத் திரும்ப வந்து நிற்கிறார். இனம், பாலினம், வர்க்கம் மூன்றும் அந்த ஒரு தாடிக்காரரில் இருக்கின்றன. நாவலை விட்டு வெளியே போய்த் தேட வேண்டிய தேவையே இல்லை. சபையில் கடவுளைப் பார்த்ததே இல்லை, அங்கே உணர்ந்த கடவுளை நானேதான் கூடவே கொண்டுபோனேன் என்கிறாள் ஷக். கடைசிக் கடிதம் கடவுளுக்கு, நட்சத்திரங்களுக்கு, மரங்களுக்கு, வானத்துக்கு, மக்களுக்கு, எல்லாவற்றுக்கும், மறுபடி கடவுளுக்கு என்று தொடங்குகிறது. கடவுளை விளித்துத் தொடங்குகிற நூலைக் கடவுளைத் தேடுகிற நூலாகப் பலர் பார்க்காமல் போனது வாக்கருக்கே வியப்பாக இருந்தது. பத்தாண்டு கழித்து வந்த பதிப்பின் முன்னுரையில் அதை எழுதியிருக்கிறார்.

பல மாணவர்கள் நாவலுக்குப் பதில் 1985இல் ஸ்பீல்பெர்க் எடுத்த படத்தைப் பார்த்துவிட்டுத் தேர்வு எழுதுகிறார்கள். படத்தில் ஷக்கின் அப்பா ஒரு போதகர். அவள் பாடிக்கொண்டே அவருடைய சபைக்குள் போய் அப்பாவைக் கட்டிக்கொள்கிறாள். நாவலில் இப்படி ஒரு அப்பாவும் இல்லை, இப்படி ஒரு திரும்பி வருதலும் இல்லை. நாவலில் வருகிற போதகர், நோயில் கிடக்கிற ஷக்கைப் பிரசங்கபீடத்தில் நின்று பழிக்கிறவர். சபைக்கு வெளியே கடவுளைக் கண்ட பெண்ணைப் படம் சபைக்குள் கொண்டுவந்து சேர்த்துவிட்டது. வகுப்பில் கடவுளைப் பற்றிப் பேசாமல் விட்டால் இந்த வித்தியாசத்தை யார் எடுத்துச் சொல்வார்கள்?

மாரிசனின் 'பிலவட்' நாவலில் அடிமையாக இருந்த பேபி சக்ஸ் ஒகையோ ஆற்றைக் கடந்து விடுதலையான நாளில் முதலில் பார்ப்பது தன் கைகளை. இவை என் கைகள் என்று திடுக்கிடுகிறாள். நெஞ்சுக்குள் ஏதோ தட்டுகிறது, தன் இதயத்துடிப்பு என்று தெரிந்ததும் சிரித்துவிடுகிறாள். 60 வயதைத் தாண்டிய பெண்ணுக்கு அன்றைக்குத்தான் இதயம் துடிக்கிற சத்தம் கேட்கிறது. கூட வந்த முதலாளியிடம், ஏன் என்னை ஜென்னி என்று கூப்பிடுகிறீர்கள் என்று கேட்கிறாள். விற்பனைச் சீட்டில் அந்தப் பெயர்தான் இருக்கிறது என்கிறான். அப்புறம் அவள் காட்டுக்குள் ஒரு வெட்டவெளியில் மக்களைக் கூட்டிப் பேசுகிறாள். சபை அவளை அழைக்கவில்லை, அங்கி போர்த்தவில்லை, அபிஷேகம் செய்யவில்லை. பாவம் செய்யாதீர்கள், திருந்துங்கள் என்று ஒரு வார்த்தை சொல்வதில்லை. குழந்தைகளைச் சிரிக்கச் சொல்கிறாள், ஆண்களை ஆடச் சொல்கிறாள், பெண்களை அழச் சொல்கிறாள். உங்கள் கையை நேசியுங்கள், கழுத்தை நேசியுங்கள், இந்த உடம்பை அவர்கள் நேசிப்பதில்லை, நீங்கள்தான் நேசிக்க வேண்டும் என்கிறாள். ஜரீனா ஆத்துமாவிலிருந்து தொடங்கி எழுந்து நின்றார் என்றால், மாரிசன் அதே பிரசங்கத்தை உடம்புக்குக் கொண்டுவருகிறார். 12 வயதில் தானே விரும்பிக் கத்தோலிக்கரான எழுத்தாளர் இவர். 'டோனி' என்பதே அப்போது எடுத்துக்கொண்ட அந்தோணி என்ற ஞானஸ்நானப் பெயரிலிருந்து வந்தது.

ஆனால் பேபி சக்ஸின் பிரசங்கம் ஜெயிப்பதில்லை. தப்பி வந்த மருமகளைப் பிடிக்க வெள்ளைக்காரர்கள் முற்றத்துக்குள் வந்த அன்றைக்குப் பிறகு அவள் பிரசங்கத்தை விட்டுவிட்டுப் படுக்கையில் கிடந்து நிறங்களை மட்டும் நினைத்துக்கொண்டிருக்கிறாள். மாரிசன் அந்தத் தோல்வியை மூடி மறைக்கவில்லை. கடைசியில் அந்த வீட்டு வாசலுக்கு 30 பெண்கள் வருகிறார்கள். ஜெபம் சத்தமாகிறது. ஆதியில் வார்த்தைகள் இல்லை, சத்தம் இருந்தது என்று எழுதுகிறார் மாரிசன். 'ஆதியிலே வார்த்தை இருந்தது' என்ற யோவானின் முதல் வசனம் தெரிந்தால்தான் அந்த வாக்கியத்தின் துணிச்சல் தெரியும். வேத புத்தகத்தின் தொடக்கத்தையே அந்தப் பெண்களின் தொண்டையிலிருந்து மாற்றி எழுதுகிறார்.

இறையியல் துறையினர் நம்மைவிட முன்னதாக இதைப் பிடித்துக்கொண்டார்கள். கேட்டி கேனன் என்ற போதகர் 1988இல் ஹர்ஸ்டனின் வாழ்க்கையையும் எழுத்தையும் ஆதாரமாக வைத்தே ஒரு அறவியல் நூல் எழுதினார். டெலோரஸ் வில்லியம்ஸ் 1993இல் பைபிளின் ஆதியாகமத்தில் வருகிற ஆகாரின் கதையை எடுத்தார். அடிமைப் பெண், எஜமானிக்காகப் பிள்ளை பெறவைக்கப்பட்டவள், வனாந்தரத்துக்கு ஓடியவள். கடவுள் அவளை விடுவிக்கவில்லை, திரும்பிப் போகச் சொன்னார். வில்லியம்ஸ் இதை மழுப்பாமல் சொல்கிறார். பிழைத்திருக்க மட்டும் வழி காட்டினார். அந்த ஆகார்தான் கடவுளுக்கே பெயர் வைக்கிறாள்: 'நீர் என்னைக் காண்கிற தேவன்.' இலக்கியத் துறைகள் கைவிட்டதை இறையியலாளர்கள் எடுத்துவைத்துப் படித்திருக்கிறார்கள்.

இங்கே நம் பக்கத்திலும் ஒரு தொடர்பு உண்டு. பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தது. துறவற சபையில் சேர்ந்து, அங்கும் சாதியைக் கண்டு, வெளியே வந்து எழுதிய நூல். அதையும் வாக்கரையும் ஒப்பிடுகிற ஆய்வுகள் நம் துறைகளில் நடக்கின்றன. ஒடுக்குமுறை என்ற தலைப்பில் மட்டும் ஒப்பிட்டு நிறுத்தாமல், சபையோடும் கடவுளோடும் இருவரும் எப்படிக் கணக்குத் தீர்த்தார்கள் என்று ஒப்பிட ஆய்வு மாணவர்களை ஊக்கப்படுத்துங்கள்.

என் கோரிக்கைகள் செலவில்லாதவை. அடுத்த முறை பாடத்திட்டத்தைத் திருத்தும்போது ஜரீனா லீயின் 1836ஆம் ஆண்டு நூலை நாவல்களுக்கு முன்னால் வையுங்கள். சின்ன நூல், பதிப்புரிமை எப்போதோ காலாவதியாகிவிட்டது, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. கூடவே யோனாவின் கதை, ஆதியாகமம் 16, யோவான் சுவிசேஷத்தின் முதல் அதிகாரம் ஆகியவற்றை ஒரு கையேடாகக் கொடுக்க இரண்டு வகுப்பு நேரம் ஒதுக்குங்கள். கிறிஸ்தவப் பின்னணி இல்லாத பிள்ளைகள் நம் வகுப்பில் அதிகம். கவிஞர் டி. எஸ். எலியட்டுக்கு உபநிடதம் சொல்லித் தருகிற நாம், மாரிசனுக்கு யோவானைச் சொல்லித் தரத் தயங்க வேண்டியதில்லை. வினாத்தாளில் ஒரே ஒரு கேள்வியாவது சீலி ஏன் கடவுளுக்கு எழுதுவதை நிறுத்தினாள் என்றோ, பேபி சக்ஸ் ஏன் பிரசங்கத்தை நிறுத்தினாள் என்றோ இருக்கட்டும். கேள்வி வினாத்தாளில் வந்தால் நோட்ஸ் தானாக மாறும், அது உங்களுக்கும் தெரியும்.

கையேடு தயாரிக்க ஆள் வேண்டுமென்றால் நான் இருக்கிறேன். ஜரீனா லீயின் நூலுக்குச் சொற்குறிப்புகள் எழுதித் தருகிறேன், கேட்கிற துறைக்கு வந்து முதல் வகுப்பையும் எடுக்கிறேன்.

அன்புடன்,
ஓர் ஆங்கில இலக்கிய ஆசிரியை